மறுமையை மறுக்கும் மொழி: சி.வி. இராமனின் கூற்றும் தமிழாக்கச் சிக்கல்களும்

1. முன்னுரை

இறப்புக்குப் பின் வாழ்வு உண்டா என்னும் வினா சமயத்துக்கும் மெய்யியலுக்கும் உரியது. அவ்வினாவுக்கு உண்டு என்றோ இல்லை என்றோ விடை கூறுவது மொழியியலின் பணி அன்று. ஆனால் அவ்விடையைக் கூற ஒரு மொழியில் எத்தகைய சொற்கள் கிடைக்கின்றன, அச்சொற்கள் கூறுவோனின் கருத்தை எப்பக்கம் சாய்க்கின்றன என்பன மொழியியலுக்கும் மொழிபெயர்ப்பியலுக்கும் உரிய வினாக்களாகும். உண்டு என்பவரைவிட இல்லை என்பவருக்கே இச்சிக்கல் மிகுதி. மறுப்பவர் தாம் மறுக்கும் பொருளின் பெயரை, அதனை நம்புவோரிடமிருந்தே கடன் பெற வேண்டியுள்ளது.

பெங்களூரின் மல்லேஸ்வரம் இச்சிக்கலை நோக்குவதற்கு ஏற்ற இடமாகும். காடு மல்லேஸ்வரர் கோயிலால் பெயர் பெற்ற இப்பகுதி, 1898ஆம் ஆண்டில் நகரைத் தாக்கிய கொள்ளைநோயையொட்டி, நெரிசல் மிகுந்த பழைய பேட்டையிலிருந்து மக்கள் குடியேறியதால் வளர்ந்தது. கன்னடமும் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கும் இங்கு இறப்பை அறிவிக்கும் தொடர்கள் மொழிக்கு மொழியும் சமயத்துக்குச் சமயமும் மாறுகின்றன. வைணவ மரபினர் இல்லத்தில் 'வைகுண்ட சமாராதனை' நிகழ்கிறது. வீரசைவர் இல்லத்தில் 'சிவகணாராதனை' நிகழ்கிறது. இறந்தவர் எங்குச் சென்றார் என்பதைச் சடங்கின் பெயரே கூறிவிடுகிறது.

இதே மல்லேஸ்வரத்தில் 'பஞ்சவடி' என்னும் இல்லத்துக்கு உரியவராக இருந்தவர் இயற்பியலறிஞர் சி.வி. இராமன். இறப்புக்குப் பின் எதுவும் இல்லை என்று அவர் ஆங்கிலத்தில் கூறியதாக வழங்கும் கூற்று ஒன்றைத் தமிழாக்கும்போது எழும் சிக்கல்களை முன்வைத்து, மறுமை குறித்த சொற்களைக் கையாள்வதில் காணப்படும் குறைகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

2. கூற்றும் சூழலும்

1888 நவம்பர் 7 அன்று திருச்சிராப்பள்ளியில் பிறந்து, 1930இல் நோபல் பரிசு பெற்ற இராமன், 1933இல் இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகப் பெங்களூருக்கு வந்தார். 1934இல் இந்திய அறிவியல் கழகத்தையும் 1948இல் தம் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நிறுவனத்தையும் தோற்றுவித்தார். 1970 நவம்பர் 21 அன்று மறைந்தார். சடங்கு ஆரவாரம் ஏதுமின்றி எளிய முறையில் எரியூட்டினால் போதும் என்பது அவர் விருப்பமாக இருந்ததென அவர் வாழ்க்கை வரலாறு கூறுகிறது. ஆராய்ச்சி நிறுவன வளாகத்துத் தோட்டத்திலேயே அவர் உடல் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் நினைவுக் கட்டடம் எழுப்பப்படவில்லை. ஒரு மரமே நிற்கிறது.

அவர் கூறியதாக வழங்கும் கூற்று ஆறு பெயர்களை அடுக்கி ஆறையும் இல்லை என்கிறது. முதலாவது விண்ணுலகைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். இரண்டாவது ஆங்கிலத் தொடருக்கு நடுவே அப்படியே நிற்கும் 'சுவர்க்க' என்னும் வடசொல். மூன்றாவது நரகம். நான்காவதும் ஐந்தாவதும் மீண்டும் பிறத்தலையும் மீண்டும் உடலெடுத்தலையும் குறிப்பவை. ஆறாவது இறவாமை. மனிதன் பிறக்கிறான், வாழ்கிறான், இறக்கிறான் என்பது மட்டுமே உண்மை. ஆதலின் அவன் தன் வாழ்வைச் செம்மையாக வாழ வேண்டும் என்று கூற்று முடிகிறது.

எளிய கூற்றாகத் தோன்றும் இதனைத் தமிழாக்குவோர் பெரும்பாலும் 'சொர்க்கம், நரகம், மறுபிறவி எதுவும் இல்லை' என்று சுருக்கிவிடுவர். ஆறு மூன்றாகிறது. சுருக்கம் என்னும் அளவில் இதனை ஏற்கலாம்; மொழிபெயர்ப்பு என்னும் அளவில் ஏற்க இயலாது. அதற்கான காரணங்கள் கீழே காட்டப்படுகின்றன.

3. பல துறக்கங்களும் ஒரு நரகமும்

இராமன் கூற்றில் விண்ணுலகுக்கு இரு பெயர்களும் நரகத்துக்கு ஒரு பெயரும் உள்ளன. ஆங்கிலச் சொல்லையும் வடசொல்லையும் அடுத்தடுத்து வைத்ததன் பயன் தெளிவானது. மேலைச் சமயத்தார் கூறும் உலகும் இல்லை, நம் மரபினர் கூறும் உலகும் இல்லை என்பதே அதன் கருத்து. 'சொர்க்கம்' என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் பெயர்த்தால், மறுப்பு ஒரு சமயத்தாரை மட்டும் நோக்கியதாகக் குறுகுகிறது.

தமிழில் இதற்குச் சொற்பஞ்சம் இல்லை. சங்க நூல்களில் துறக்கம் உண்டு. திருக்குறளில் புத்தேளுலகு உண்டு. வைணவர்க்குப் பரமபதமும் திருநாடும், சைவர்க்குச் சிவலோகமும் உள்ளன. தமிழ்க் கத்தோலிக்கர் நெடுங்காலம் மோட்சம் என்னும் சொல்லையே ஆண்டனர். சீர்திருத்தத் திருச்சபையாரின் பழைய விவிலிய மொழிபெயர்ப்பு பரலோகம் என்றது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் விண்ணகம் என்றது. தமிழ் முஸ்லிம்கள் சுவர்க்கம் என்பர். இவற்றுள் எதனைக் கேட்டாலும், கூறுவோர் எம்மரபினர் என்பதைக் கேட்போர் பெரும்பாலும் உய்த்துணர்வர்.

நரகத்தின் நிலை வேறு. குறளில் அளறு என்னும் சொல் உள்ளது. அதன் அடிப்பொருள் சேறு. சமண பௌத்த நூல்களில் நிரயம் வழங்குகிறது. விவிலியத்தில் பாதாளமும் உண்டு. ஆயினும் இன்று சைவர், வைணவர், கிறித்தவர், முஸ்லிம்கள் ஆகிய அனைவரும் நரகம் என்னும் ஒரே சொல்லைப் பொதுவாக வழங்குகின்றனர். தத்தம் பேற்றை வேறு பெயரிட்டுப் பிரித்துக்கொண்ட சமயங்கள் தண்டனைக்குப் பொதுப்பெயர் ஒன்றே போதும் என்று விட்டுவிட்டன போலும். இவ்வகையில் இராமனின் ஆங்கிலக் கூற்றில் காணும் இரண்டுக்கு ஒன்று என்னும் அமைப்பு தமிழ்ச் சொற்களஞ்சியத்தின் அமைப்போடு இயல்பாகப் பொருந்துகிறது. ஆங்கிலச் சொல்லுக்கு விண்ணகம், வடசொல்லுக்குச் சொர்க்கம், அடுத்து நரகம் என மூன்றையும் வைப்பதில் தமிழுக்கு எவ்விடரும் இல்லை. இடர் இருப்பது மொழிபெயர்ப்பாளரின் சுருக்க வேட்கையில்தான்.

4. இல்லை என்பதன் இலக்கணம்

பெயர்களைச் சரியாகத் தேர்ந்தாலும் எதிர்மறைத் தொடரின் அமைப்புக் கருத்தை மாற்றிவிடக்கூடும். பின்வரும் மூன்று தொடர்களை ஒப்பிடலாம்.

அ. சொர்க்கம் இல்லை.
ஆ. மனிதனுக்குச் சொர்க்கம் இல்லை.
இ. சொர்க்கம் என்று ஒன்று இல்லை.

முதல் தொடர் இருபொருள் தருவது. இன்மையையும் குறிக்கும், சூழலுக்கேற்பக் கிட்டாமையையும் குறிக்கும். இரண்டாவதில் நான்காம் வேற்றுமை சேர்ந்தவுடன் கிட்டாமைப் பொருள் மேலோங்குகிறது. சொர்க்கம் எங்கோ இருக்கிறது, மனிதனுக்கு அது வாய்க்காது என்று கேட்போர் கொள்ளக்கூடும். அருளற்றோர் அவ்வுலகை அடையார் என்னும் குறட்கருத்தும் நான்காம் வேற்றுமையோடு இல்லை என்பது இணைந்த தொடராலேயே அமைந்துள்ளது. அங்கு அது மறுப்பன்று; எச்சரிக்கை. அவ்வுலகு உண்டு என்னும் முற்கோளின் மேல்தான் அவ்வெச்சரிக்கை நிற்கிறது. மூன்றாவது தொடர் ஒன்றே 'என்று ஒன்று' என்னும் அமைப்பால் பெயரை வெறும் பெயராக நிறுத்தி, அப்பெயருக்குரிய பொருளின் இருப்பை மறுக்கிறது.

மறுமை மறுப்பைத் தமிழாக்கும்போது ஓட்டம் கருதி 'மனிதனுக்கு' என்னும் சொல்லைச் சேர்ப்பது பிழையாக எவருக்கும் தோன்றாது. ஆனால் அச்சேர்க்கையால் இருப்பை மறுக்கும் அறிவியலாரின் கூற்று, பேற்றை மறுக்கும் சமயவாதியின் சாபமாக மாறிவிடும்.

5. மறுபிறப்பு, மறுபிறவி, மறுமை

நான்காவது ஐந்தாவது சொற்களைத் தமிழாக்குவோர் இரண்டும் ஒன்றே எனக் கருதி ஒன்றை விட்டுவிடுவதுண்டு. மறுபிறப்பு, மறுபிறவி என்பன தமிழில் பொருள் வேறுபாடின்றி வழங்குவது இதற்குக் காரணம். ஆனால் மூலத்தில் முதற்சொல் பிறப்பு மீளுதலையும், இரண்டாவது ஓர் உயிர் வேறோர் உடலைப் பெறுதலையும் குறிக்கின்றன. நிலையான உயிர் என்று ஒன்றை ஏற்காத பௌத்தம் முன்னதை ஏற்கும். பின்னதை அவ்வாறே ஏற்காது. ஆகவே இரண்டையும் மறுப்பது கூறியது கூறல் அன்று. மீண்டும் பிறத்தல், மீண்டும் உடலெடுத்தல் எனப் பிரித்தால் இவ்வேறுபாடு தமிழிலும் நிற்கும்.

கிறித்தவ வழக்கையும் இங்குக் கருத வேண்டும். பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் தீத்துவுக்கு எழுதிய திருமுகத்தில் 'மறுஜென்மம்' என்னும் சொல் திருமுழுக்கால் வரும் புதுவாழ்வைக் குறிக்க ஆளப்பட்டுள்ளது. இறப்புக்குப் பின் வருவதைக் குறிக்க உயிர்த்தெழுதல் என்னும் தனிச்சொல் பழைய மொழிபெயர்ப்பிலும் புதியதிலும் உறுதியாக நிற்கிறது. எனவே 'மறுஜென்மம் இல்லை' என்று எழுதினால் அதனைப் படிக்கும் கிறித்தவர் தம் நம்பிக்கை மறுக்கப்படவில்லை என்றும் கொள்ளலாம். தவறான ஒன்று மறுக்கப்பட்டது என்றும் கொள்ளலாம்.

அனைத்தையும் உள்ளடக்கும் பொதுச்சொல் ஒன்று வேண்டுமெனில் அது மறுமை. இச்சொல்லின் அமைப்புக் கருதத்தக்கது. இம்மை என்பது அண்மைச் சுட்டான இகரத்தின் அடியாகப் பிறந்தது. உம்மை உகரச் சுட்டின் அடியாகப் பிறந்தது. சுட்டு இடத்தைக் காட்டுவது. காலத்தின் முன்பின் அதற்கு இல்லை. உம்மை என்னும் சொல் சிலப்பதிகாரத்தில் முற்பிறப்பையும் நாலடியாரில் மறுபிறப்பையும் குறித்து வருவது இதனாலேயே ஆகலாம். இங்கல்லாத இடம் என்பதே அச்சொல்லின் உள்ளீடு. முன்னா பின்னா என்பதைச் சூழல் தீர்க்கிறது. மறுமை என்பது சுட்டின் அடியாகப் பிறந்ததன்று. மற்றையது என்னும் பொருளது. அது பிறப்பு என்றோ உலகு என்றோ வடிவம் கூறவில்லை. அதனால்தான் வள்ளுவர் அதனை ஆளவும், தமிழ் முஸ்லிம்கள் இறுதித் தீர்ப்புக்குப் பின்னுள்ள வாழ்வுக்கு அதனையே பெயராக்கவும் இயன்றது. மறுமை என்று ஒன்று இல்லை எனின் எச்சமயத்தாரும் விலக்குப் பெறார்.

6. நாத்திகர் என்னும் அடைமொழி

மறுமையை மறுத்தவரைத் தமிழில் நாத்திகர் எனக் குறிப்பது இயல்பு. இராமனுக்கும் அவ்வடைமொழி எளிதில் பொருத்தப்படும். ஆனால் 1936இல் நந்தி மலையில் காந்தியடிகளைச் சந்தித்தபோது அவர் கூறியது வேறு. கடவுள் இருப்பின் இப்பேரண்டத்தில்தான் தேட வேண்டும் என்றும், வானியலும் இயற்பியலும் காணும் புதுமைகள் கடவுளின் மேலும் மேலுமான வெளிப்பாடுகளாகத் தமக்குத் தோன்றுகின்றன என்றும் அவர் கூறியது பதிவாகியுள்ளது. இவ்வாறு பேசியவரை இன்றைய பொருளில் நாத்திகர் என்பது பொருந்தாது.

எனினும் சொல்லின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. ஆஸ்திக, நாஸ்திக என்னும் சொற்களின் ஆக்கத்தைப் பாணினி ஒரு நூற்பாவில் விதிக்கிறார். அதற்கு உரை கண்ட காசிகை, மறு உலகம் உண்டு என்னும் கருத்துடையவன் ஆஸ்திகன், அதற்கு மாறானவன் நாஸ்திகன் என விளக்குகிறது. அங்குப் பேசப்படுவது மறு உலகமே, கடவுள் அன்று. அப்பழம்பொருளில் இராமன் நாத்திகரே. இக்காலத் தமிழ்ப் பொருளில் அல்லர். ஒரே சொல் பழம்பொருளில் சரியாகவும் புதுப்பொருளில் பிழையாகவும் அமையும் இத்தகைய இடத்தில் அடைமொழியை விடுத்து, அவர் எதனை மறுத்தார் என்பதை விரித்துரைப்பதே மொழிபெயர்ப்பாளர்க்கு அறம்.

தமிழ் மரபில் மறுமை மறுப்பு புதியதன்று. மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையில் பூதவாதி பேசுகிறான். நீலகேசியில் பூதவாதத்துக்குத் தனிச் சருக்கம் உண்டு. சிவஞானசித்தியாரின் பரபக்கம் உலகாயதனோடு தொடங்குகிறது. ஆனால் இவை அனைத்தும் மறுப்போரை மறுக்க எழுந்த நூல்கள். மறுமை மறுப்பாளரின் குரல் அவர்தம் எதிரிகளின் ஏட்டிலேயே தமிழில் எஞ்சியுள்ளது. மறுப்புக்குரிய நடுநிலைச் சொற்கள் தமிழில் அரிதாகத் தோன்றுவதற்கு மொழியின் வறுமை காரணமன்று. எஞ்சிய நூல்களின் சார்பே காரணம்.

7. இறந்தவர்மேல் ஏற்றப்படும் நம்பிக்கை

மறுத்தவர் வாழும்வரை தம் சொல்லைத் தாமே தேர்கிறார். இறந்தபின் அவரைப் பற்றிய சொல்லைப் பிறர் தேர்கின்றனர். சிவபதம் அடைந்தார், பரமபதித்தார், இறைவனடி சேர்ந்தார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், மவுத்தானார், அமரரானார், இயற்கை எய்தினார், காலமானார், மறைந்தார் எனத் தமிழில் இறப்பு வினைகள் பல. செத்தாரைத் துஞ்சினார் என்பதை மங்கலம் என்னும் தகுதி வழக்குக்கு எடுத்துக்காட்டாக நன்னூல் உரைகள் தருகின்றன. இவை வெறும் மங்கல வழக்குகள், நம்பிக்கை எதனையும் சுமப்பன அல்ல என்று வாதிடலாம். அவ்வாதம் சிலவற்றுக்குப் பொருந்தும், எல்லாவற்றுக்கும் பொருந்தாது. எதற்குப் பொருந்தும் என்பதை இரு சோதனைகளால் அறியலாம்.

முதலாவது மாற்றிப் பொருத்தும் சோதனை. காலமானார் என்பதை எச்சமயத்தார்க்கும் கூறலாம். பரமபதித்தார் என்பதைக் கிறித்தவர்க்கோ முஸ்லிமுக்கோ கூற இயலாது. இரண்டாவது முரண் சோதனை. 'அவர் காலமானார், ஆனால் காலன் என்று ஒருவன் இல்லை' என்பதில் முரண் இல்லை. 'அவர் சிவபதம் அடைந்தார். ஆனால் சிவபதம் என்று ஒன்று இல்லை' என்பது முரண். இரு சோதனைகளிலும் தேறும் காலமானார், மறைந்தார் என்பன நம்பிக்கைச் சுமை நீங்கியவை. அவற்றில் எஞ்சியிருப்பது மதிப்பு மட்டுமே. நாய் இறந்தது என்போர் நாய் காலமானது என்னாமை இதற்குச் சான்று. அமரர் என்னும் முன்னொட்டு இடைநிலையில் உள்ளது. பலர்க்கு அது வெறும் மதிப்புச் சொல்லாகிவிட்டது. ஆயினும் இறவாதவர் என்னும் பொருள் அதில் இன்னும் விளங்குகிறது. இறவாமை என்று ஒன்று இல்லை என்றவரின் பெயருக்கு முன் அமரர் என எழுதுவது மரியாதை ஆகலாம், உண்மை ஆகாது.

உறக்க உருவகமும் எச்சரிக்கைக்குரியது. குறள் சாக்காட்டை உறக்கத்தோடும் பிறப்பை விழிப்போடும் ஒப்பிடுகிறது. விழிப்பு அங்கு அடுத்த பிறப்பு. விவிலியத்தின் கிரேக்க மூலத்திலும் உறங்குதல் இறப்பைக் குறிக்கும்; விழிப்பு அங்கு உயிர்த்தெழும் நாள். படிமம் ஒன்று, கொள்கை இரண்டு. இரண்டையும் ஏற்காதவர்க்கு உறக்கம் என்னும் படிமமே ஆகாது. விழிப்பில்லாததை உறக்கம் என்பது பொருந்தாது.

கன்னடத்திலிருந்து பெயர்ப்போர்க்கு மேலும் ஓர் இடர் உண்டு. கன்னட இரங்கலறிக்கைகளில் 'தைவாதீனராதரு' என்றால் இறந்தார் என்று பொருள். தமிழில் 'தெய்வாதீனமாக' என்பது பெரும்பாலும் உயிர் தப்பியவரைப் பற்றிக் கூறுவது. ஒலி ஒப்புமையை நம்பிப் பெயர்த்தால் இறந்தவர் பிழைத்துவிடுவார். 'பாவபூர்ண சிரத்தாஞ்சலி' என்பதற்கு ஈடாகத் தமிழில் வழங்கும் 'கண்ணீர் அஞ்சலி' சொல்லுக்குச் சொல் பெயர்ப்பன்று. ஆயினும் ஒரு வகையில் அது மேலானது. வடமொழியில் சிரத்தை நம்பிக்கையைச் சுட்டும். கண்ணீர் இருப்பவரின் துயரை மட்டும் கூறி, இறந்தவர் சென்ற இடம் குறித்து அமைதி காக்கிறது.

8. முடிவுரை

இராமன் கூற்றின் இறுதியில் நிற்கும் மூன்று வினைகளுள் பிறக்கிறான், வாழ்கிறான் என்பன தமிழில் எளியவை. இறக்கிறான் என்பதன் வேர்ப்பொருள் கடத்தல். இறந்தகாலம் என்பதில் அப்பொருள் இன்றும் உள்ளது. கடப்பவன் எங்கோ சேர வேண்டும் என்னும் சாயல் அதில் மங்கலாக எஞ்சுகிறது. தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இனச்சொற்களைக் கொண்ட சா என்னும் திராவிட வேர் அத்தகைய பயணம் எதனையும் கூறாது. ஆனால் இன்றைய தமிழில் செத்தார் என்பதை உயர்ந்தோர்க்கு வழங்குதல் மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது. ஒருவரைக் குறித்த செய்தியில் மறைந்தார் என்பதும், மனிதர் அனைவரையும் குறித்த பொதுக்கூற்றில் சாகிறான் என்பதும் பொருந்தும். பொதுக்கூற்றில் எவருடைய மரியாதையும் குறைவதில்லை.

மறுமை உண்டு என்போரின் சொற்களைத் தமிழ் நுண்மையாகப் பிரித்துப் பேணியிருக்கிறது. சைவரின் சிவலோகத்தைப் பரமபதம் என்று எவரும் பெயர்ப்பதில்லை. அதே கவனத்துக்கு இல்லை என்போரும் உரியவர். நம்பியவரை அவர் நம்பிய இடத்துக்கும், நம்பாதவரை எந்த இடத்துக்கும் அனுப்பாமலும் இருப்பது மொழிபெயர்ப்பாளர் கைக்கொள்ள வேண்டிய நடுநிலை. ஒரு தோட்டத்தில் எளிய எரியூட்டலோடு முடிந்த வாழ்வைச் சொர்க்கம் சேர்ந்தார் என்று எழுதுவது பிழைபட்ட பெயர்ப்பு. இறந்தவர் திருத்த இயலாத பிழையும் அதுவே.